பிரேக் இல்லாத சீட்

ஏப்ரல் 4

என்னங்க,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நான் போனை எடுப்பதில்லை என்று மகளிடம் கத்தினீர்களாமே? எடுக்க மாட்டேன். போன் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் "ம்" போடுவேன், கடைசியில் "சரிங்க" என்று சொல்லி வைத்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள். உங்களுக்கும் எழுதத் தெரியும். எழுதுங்கள்.

முதலில் ஒன்று. நான் ஒன்றும் ஓடிவரவில்லை. ஒரு வருஷம், ஐந்து ஊர் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம் இது. நம் டிரைவிங் ஸ்கூலின் வெள்ளிவிழா முடியட்டும் என்றீர்கள், முடிந்தது. மகள் கல்யாணம் முடியட்டும் என்றீர்கள், அதுவும் முடிந்தது. ஸ்கூலுக்குப் புது வண்டி வரட்டும் என்றீர்கள். வந்து, அதுவும் ரெண்டு இடத்தில் நசுங்கிவிட்டது. இந்தத் தடவை பெட்டி கட்டி வாசலில் வைத்த பிறகு, "புது பேட்ச் சேருது, ரெண்டு டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிடு" என்றீர்கள். உங்கள் டிக்கெட்டை மட்டும் கேன்சல் செய்தேன்.

ஏர்போர்ட்டில் இறங்கி டாக்சிக்குப் போனேன். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுக்க உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடது பக்க முன் சீட்தானே பழக்கம்? கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டும் போட்டுவிட்டேன். டாக்சிக்காரர் வெளியே நின்று என்னையே பார்க்கிறார். அப்புறம்தான் கவனிக்கிறேன், என் முன்னால் ஸ்டீயரிங்! இங்கே எல்லாமே நமக்கு எதிர்ப்பக்கம். வண்டிகள் வலது ஓரமாகப் போகின்றன, ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்காருகிறார். இத்தனை வருஷம் நான் உட்கார்ந்திருந்த அதே சீட்டுக்கு இந்த ஊரில் ஸ்டீயரிங் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். டாக்சிக்காரர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் இறங்கவே மனம் வரவில்லை.

முதல் ஊரிலேயே ஓர் அறை பிடித்துவிட்டேன். ஒரு சலவைக் கடையின் மாடி. கீழே நீராவி இஸ்திரி ஓடுவதால் ஒரு சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கிறது, கட்டிலை அதை ஒட்டிப் போட்டிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பஸ் நிறுத்தம். பஸ்ஸில் போவதுதான் பெரும்பாடு. டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்னால் என் கால் தரையை மிதித்துவிடுகிறது. நேற்று முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். மற்ற நாலு ஊரும் எங்கேயும் போய்விடாது. நான் கொஞ்ச காலம் இங்கேயே இருந்து பார்க்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 21

அன்புள்ள மனைவிக்கு,

4ஆம் தேதியிட்ட உன் கடிதம் கிடைக்கப்பெற்றேன். நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. எனக்கு ஆவல் இல்லை, கோபம்தான் இருக்கிறது.

ஊர் என்ன பேசுகிறது என்று உனக்குத் தெரியுமா? "அம்மா எங்க சார்?" என்று கேட்காத ஆளில்லை. "டூர் போயிருக்காங்க" என்றால், "தனியாவா?" என்கிறார்கள். அந்தத் "தனியாவா"வை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ராகத்தில் இழுக்கிறார்கள். பெட்ரோல் பங்க்காரர், "சண்டையா சார்?" என்று நேரடியாகவே கேட்டார். இல்லை என்றேன். அதற்கு என் தோளைத் தட்டி ஆறுதல் சொல்கிறார்!

பெண்கள் வகுப்புக்கு உன் சீட்டில் நம் ஒல்லியை உட்கார வைத்தேன். பாவம், அவனும் எத்தனை வருஷமாக ஆண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறான். உன்னிடம் பழகிக்கொண்டிருந்த பேங்க் மேடம் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். "போர்டுல என்ன எழுதியிருக்கு, நீங்களே படிங்க சார்" என்றார். படித்தேன். 'பெண்களுக்குப் பெண்ணே பயிற்சி தருவார்.' நான் எழுதச் சொன்னதுதான், எனக்கே வினையாகிவிட்டது.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்கள். அறை பிடித்துக் கட்டில் போடுவார்களா? ஜூன் கடைசிக்குள் நீ இங்கே வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்டரைக் கூப்பிட்டு அந்த வரியை அழிப்பேன். உன் சீட்டுக்கு வேறு ஆளைப் போடுவேன். சும்மா மிரட்டுகிறேன் என்று நினைக்காதே.

நீ பாட்டுக்குக் கிளம்பிவிட்டாய். நானும் கிளம்பியிருந்தால் ஸ்கூலை யார் பார்ப்பது?

இப்படிக்கு,
உன் கணவன்

பி.கு.: அடுப்பு லைட்டரை எங்கே வைத்துத் தொலைத்தாய்?


மே 7

என்னங்க,

லைட்டர் அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. நாம் குடிவந்த நாளிலிருந்து அங்கேதான் தொங்குகிறது.

அந்த வரியைத் தாராளமாக அழியுங்கள். போர்டில் மேலே கொட்டை எழுத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. கீழே நான் யார்? வெறும் 'பெண்'. தெருவில் போகிற எந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தாலும் போர்டு பொய்யாகாது. என்னை ஏன் தேடுகிறீர்கள்?

ஸ்கூலை யார் பார்ப்பது என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். நீங்கள் வராததற்குக் காரணம் பயம். அடுத்தவர் ஓட்டுகிற எதிலும் உங்களால் உட்கார முடியாது. பஸ்ஸில் ஏறினால் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு அவருக்கே பாடம் எடுப்பீர்கள். என் தம்பி புதுக் கார் வாங்கி ஆசை ஆசையாக நம்மை ஏற்றிக்கொண்டு போனான். பாதி வழியில், "இவன் கியர் மாத்துற அழகுக்கு நான் நடந்தே வர்றேன்" என்று இறங்கி, கொளுத்துகிற வெயிலில் நடந்து வந்தீர்கள். விமானத்தில் அப்படி இறங்க முடியாதே! டிக்கெட் போட்டுப் போட்டுக் கேன்சல் செய்ததெல்லாம் அதனால்தான். எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?

இன்னொன்றும் இருக்கிறது, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். எத்தனை பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருப்பேன்! ஒரு தடவையாவது உங்களை உட்கார வைத்து நான் ஓட்டியிருக்கிறேனா? உங்கள் அக்கா வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, மகள் காலேஜுக்கு, எங்கே போனாலும் ஸ்டீயரிங் உங்கள் கையில்தான். காய்ச்சலில் உங்கள் பல் தந்தியடித்தபோதுகூட நீங்களே ஓட்டினீர்கள். "நான் ஓட்டறேன், குடுங்க" என்றேன். "நீ சும்மா உக்காரு" என்றீர்கள். இருபத்தெட்டு வருஷமாக எனக்குக் கிடைத்தது காலுக்கடியில் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும்தான். அடுத்தவர் தப்பாக ஓட்டும்போது நிறுத்துவது மட்டும்தான் என் வேலை. போதும்ங்க. எனக்கு அலுத்துவிட்டது.

இங்கே விஷயம் என்னவென்றால், என் வீட்டுச் சொந்தக்காரி, அந்தச் சலவைக்காரம்மா, படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வேன் இருக்கிறது, ஓட்ட ஆளில்லை. எனக்கும் அவருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை இங்கிலீஷ். "உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை. நம் ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாதாம், புதிதாகத்தான் எடுக்க வேண்டும். எடுக்கப் போகிறேன். வேனில் எல் போர்டு ஒட்டியாகிவிட்டது.

உங்கள் வீட்டுக்காரி


மே 25

மனைவிக்கு,

எல் போர்டா?

என் ஸ்கூலின் மானம் கப்பலேறிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த ஸ்கூல். அதன் இன்ஸ்ட்ரக்டர் எவளோ ஒரு சலவைக்காரிக்கு வேன் ஓட்ட, நெற்றியில் எல் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்! இதை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஒல்லியிடம் மட்டும் சொன்னேன். அவன் ஊருக்கே சொல்லிவிட்டான்.

பயமாம், பயம். யாருக்குப் பயம்? மலைப் பாதையில் லாரி ஓட்டியவன் நான். ஒழுங்காக ஓட்டத் தெரியாதவன் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்காது. அதற்குப் பெயர் பயம் இல்லை, அறிவு. உன் தம்பி இன்றைக்கும் அந்தக் கியரை அப்படித்தான் கடித்துத் துப்புகிறான்.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். ஜூன் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. பெயிண்டர் வந்தார், அந்த வரிமேல் வெள்ளை அடித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது திருப்திதானே?

இப்படிக்கு,
கணவன்

பி.கு.: அந்த ஊரில் இடது பக்கம் திரும்பும்போதுதான் எதிரே வருகிற வண்டிக்குக் குறுக்கே போக வேண்டியிருக்கும். நமக்கு வலது பக்கம் எப்படியோ அப்படி. நின்று, பார்த்து, அப்புறம் திருப்பு. பழக்கதோஷத்தில் சட்டென்று ஒடித்துவிடாதே. உன்மேல் அக்கறையால் சொல்லவில்லை. ஸ்கூல் பெயர் கெடக்கூடாது.


ஜூன் 14

என்னங்க,

டெஸ்ட்டில் பெயில். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. உங்கள் பின்குறிப்பையும் மறக்கவில்லை, இடது திருப்பத்தில் நின்று பார்த்துத்தான் திரும்பினேன். பக்கத்தில் டெஸ்ட் எடுக்கிற அம்மாள், சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். ஒரு சந்தின் முனையில் சைக்கிளில் ஒருவர் திடீரென்று குறுக்கே வந்தார். லேசாக ஸ்டீயரிங்கை ஒடித்திருந்தால் போதும், அகலமான சாலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்து வண்டியைச் சிலை மாதிரி நிறுத்திவிட்டு, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டு அந்த அம்மாள் பக்கம் திரும்பி, நல்ல தமிழில், "பயப்படாதம்மா, ஸ்டீயரிங்க இப்ப மெதுவா திருப்பு" என்றேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பின்னால் வரிசையாக ஹாரன். வண்டியைத் திருப்ப வேண்டிய ஆள் நான்தான் என்பது எனக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது.

சாயங்காலம் வரைக்கும் அழுதேன். பெயிலானதற்காக இல்லைங்க. ஆபத்து என்றதும் என் கை தானாக மடிக்குப் போனதே, அதை நினைத்துத்தான். "நீ சும்மா உக்காரு" என்று நீங்கள் சொன்னதை இந்தக் கை இவ்வளவு நன்றாகக் கேட்டிருக்கிறது பாருங்கள். அதற்கப்புறம் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறேன். சலவைக்காரம்மா கட்டுப் போட்ட கையோடு தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். இஸ்திரி போட்ட சட்டைகளை வேனுக்குள் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டுத்தான் கொண்டுபோவார்கள். சட்டை ரொம்ப ஆடினால் மடிப்புக் கலையும், அவருக்குக் கோபம் வரும். அவர் சாலையைப் பார்ப்பதே இல்லை. திரும்பி உட்கார்ந்து சட்டைகளைத்தான் பார்க்கிறார். நேற்று ஒன்றுகூட ஆடவில்லை.

ஜூன் கடைசிக்கு வரவில்லை. போர்டில் வெள்ளை அடித்ததற்கு நன்றி. சுத்தமாக இருக்கும்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 3

உனக்கு,

சிரிக்கவில்லை. சிரிப்பு வரவில்லை.

பேங்க் மேடம் கட்டிய கோர்ஸை முடித்துக்கொடுக்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றார். ஒல்லியோடு போக மாட்டார், நீயும் இல்லை. கடைசியில், "சரி, நீங்களே வாங்க" என்றார், வேறு வழியில்லாமல் நானே போனேன். நான் ஸ்கூல் நடத்துகிறேன், டெஸ்ட் டிராக்கில் நிற்கிறேன், கனரக வண்டிக்குப் பயிற்சி கொடுக்கிறேன், எல்லாம் சரி. உன் சீட்டில் உட்கார்ந்து எத்தனை காலம் ஆகிறது என்று எனக்கே நினைவில்லை. உட்கார்ந்ததும் தரை விரிப்பைப் பார்த்தேன். பிரேக்குக்கு முன்னால் உன் குதிகால் படுகிற இடத்தில் தேய்ந்து இரும்பு தெரிகிறது. ஏன் மாற்றச் சொல்லவில்லை நீ?

முதல் சந்து தாண்டுவதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. எதிரே தண்ணீர் லாரி வருகிறது, மேடம் அதைப் பார்த்து ஸ்டீயரிங்கை அதன் பக்கமே திருப்புகிறார். நான் போட்ட கத்தலில் லாரிக்காரனே ஓரம் கட்டிவிட்டான். மேடம் வண்டியை நடு ரோட்டில் நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "சார், அம்மா கத்தவே மாட்டாங்க. கால மட்டும் மெதுவா வைப்பாங்க. அவங்க பிரேக் போட்டதே எங்களுக்குத் தெரியாது. நாங்களே நிறுத்தினோம்னு நெனச்சுக்குவோம்."

மீதி வழி முழுக்கப் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தேன்.

இறங்கும்போது வலது கால் மரத்துப்போயிருந்தது. இதை நீ தினமும் செய்துவிட்டு வந்து சமைத்தாயா?

போர்டு சுத்தமாக இல்லை. பெயிண்டர் ஒரு பூச்சுதான் அடித்திருக்கிறார், வெயில் பட்டால் பழைய எழுத்து அப்படியே தெரிகிறது. ஊர் பார்த்துச் சிரிக்கிறது.

வந்துவிடு. கெஞ்சவில்லை, சொல்கிறேன்.

கணவன்


ஜூலை 22

என்னங்க,

பாஸ்!

அதே சிரிக்காத அம்மாள்தான். அன்றைக்குக் குறுக்கே ஒரு நாய் வந்தது. பிரேக்கில் கால் வைத்தேன், கையும் கூடவே திரும்பியது. நாய் தன் பாட்டுக்குப் போனது, நான் என் பாட்டுக்குப் போனேன். இறங்கும்போது அந்த அம்மாள் ஏதோ சொன்னார். சலவைக்காரம்மா மொழிபெயர்த்தார்: "இன்னைக்கு எனக்குப் பாடம் எடுக்கலையே!"

இப்போது காலையில் வேனை எடுத்தால் நாலு ஹோட்டல், ஓர் ஆஸ்பத்திரி, அப்புறம் வீடுகள். எந்தத் தெரு ஒருவழி, எந்த வாசலில் காவல்காரர் கத்துவார், எங்கே கண்ணாடியை மடக்கினால்தான் வேன் நுழையும், எல்லாம் அத்துப்படி. எனக்குச் சம்பளம் கிடையாது, அறைக்கு வாடகை கிடையாது. அந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேன் என்னை "டிரைவர்" என்றுதான் கூப்பிடுகிறார். காதில் தேன் வந்து பாய்ந்த மாதிரி இருக்கிறது, சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பேங்க் மேடத்திடம் என் அன்பைச் சொல்லுங்கள். கால் மரத்துப்போனால் குதிகாலைத் தரையில் ஊன்றி, நுனியை மட்டும் தூக்கி வைத்திருங்கள். விரிப்பை மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? "பார்க்கலாம்" என்பீர்கள்.

ஆனால் வர மாட்டேன். கெஞ்சினாலும், சொன்னாலும். போட்ட ஒரு வருஷம் முடிந்துதான் வருவேன். வந்த பிறகும் அந்த இடது சீட்டுக்குச் சும்மா திரும்பிவிட மாட்டேன். போர்டில் என் பெயர் இருக்க வேண்டும், உங்கள் பெயர் அளவுக்கே. நாம் வெளியே போகும்போது ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் நான். இது முடியாது என்றால் இப்போதே எழுதிவிடுங்கள், நான் அடுத்த ஊருக்குப் போகிற வழியைப் பார்க்கிறேன்.

முடியும் என்றால் ஒரே ஒரு பரீட்சை. கிளம்பி இங்கே வாருங்கள். ஏர்போர்ட்டுக்கு நான் வேனோடு வருகிறேன். நான் ஓட்டுவேன், நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். உங்கள் காலுக்கடியில் ஒன்றும் இருக்காது, வெறும் தரை.

உங்கள் வீட்டுக்காரி


ஆகஸ்ட் 10

அன்புள்ள மனைவிக்கு,

செப்டம்பர் 2ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஒரு மாதம் இருப்பேன். நீ கூப்பிட்டாய் என்பதற்காக வரவில்லை. என் டிக்கெட்டைக் கேன்சல் செய்ய உனக்கு யார் உரிமை கொடுத்தது, அதை நேரில் கேட்கத்தான் வருகிறேன்.

பைலட் பக்கத்தில் நிற்க விடுவார்களா என்று டிராவல்ஸில் கேட்டேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

தினமும் ஒல்லியை ஓட்டச் சொல்லி, பக்கத்து சீட்டில் பிரேக் இல்லாத அவன் சொந்தக் காரில் உட்கார்ந்து பழகுகிறேன். முதல் நாள் அவன் காது கிழிகிற மாதிரி கத்தினேன். அடுத்த நாள் இறங்கி நடக்கலாம் என்று கதவில் கை வைத்தேன், அவன் முன்யோசனையாகப் பூட்டி வைத்திருந்தான். நேற்று கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். இருந்தாலும் இறங்காமல் வந்து சேர்ந்தேன். ஒல்லி நன்றாகத்தான் ஓட்டுகிறான், அவனிடம் சொல்லவில்லை.

ஸ்கூலை ஒல்லியோடு சேர்த்து இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள். ஆம், இரண்டு பேர். பேங்க் மேடத்தின் தங்கை லைசென்ஸ் எடுத்துப் பல வருஷம் ஆகிறதாம், உன்னிடம் படித்தவள்தான். பெண்கள் வகுப்புக்கு அவளைப் போட்டிருக்கிறேன். காலை மெதுவாக வைக்கிறாள். விரிப்பையும் மாற்றிவிட்டேன்.

போர்டில் உன் பெயர் எழுதியாயிற்று. அளவு ஒன்றுதான், பெயிண்டரை ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னேன். உன் பெயரில் எழுத்து அதிகம், அதனால் என்னுடையதைவிட நீளமாகத் தெரிகிறது. அதற்கு நான் பொறுப்பல்ல.

ஒன்று கேட்கிறேன். நான் வேனில் பின்னால் உட்கார்ந்து வரட்டுமா?

கணவன்


ஆகஸ்ட் 20

என்னங்க,

வேனில் பின் சீட் கிடையாது. பின்னால் சட்டைகள் தொங்கும். அவை ஒரு நாளும் கத்தியதில்லை, உங்களுக்கும் பழகிவிடும்.

கத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கத்துங்கள். இங்கே யாருக்கும் தமிழ் தெரியாது, நானும் கேட்கப் போவதில்லை. கண்ணை மட்டும் மூடாதீர்கள். நான் ஓட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும், எனக்கு அது வேண்டும்.

போர்டை மகள் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், அந்தக் கதகதப்பான சுவரில். நீளமாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

2ஆம் தேதி வாசலிலேயே வண்டியோடு நிற்பேன். எல் போர்டைக் கழற்றிவிட்டேன், ஆனால் தூக்கிப் போடவில்லை, பக்கத்தில் உட்காரப் பழகுகிறவர் நீங்கள்தானே, முன்னால் உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கிறது. நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்து, பழக்கதோஷத்தில் வலது பக்கக் கதவைத் திறப்பீர்கள். திறந்து ஏறி உட்காருங்கள். முன்னால் ஸ்டீயரிங் இருக்காது.

அதுதான் உங்கள் சீட்.

இப்படிக்கு,
டிரைவர்